ஹகோனே, குசாட்சு, பெப்பு: எந்த வெந்நீர் ஊற்றுக்குப் போகலாம்?

ஜப்பான் போகிறவர்கள் வெந்நீர் ஊற்றுக்கு ஒரு ராத்திரிதான் ஒதுக்க முடியும் என்றால் பெரும்பாலும் ஹகோனேயைப் பிடிக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் ரொமான்ஸ்கார் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோட்டோ. மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, ஆஷி ஏரியில் கப்பல் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ் போதும். வானம் தெளிந்தால் ஃபுஜி மலையும் தெரியும். ஓவாகுதானி என்ற எரிமலைப் பள்ளத்தாக்கில் ஓடு கறுத்த அவித்த முட்டை விற்பார்கள்; ஒன்று தின்றால் ஆயுளில் ஏழு வருடம் கூடுமாம். ஆனால் இந்தத் திட்டத்தில் குளியலுக்கு நேரம் எங்கே? பகலெல்லாம் வண்டி மாறி மாறிச் சுற்றிவிட்டு, ராத்திரி களைப்போடு தண்ணீரில் இறங்கி ஏறுவதோடு சரி.

தண்ணீருக்காகவே போகிறவர்களுக்கு நான் குசாட்சுவைத்தான் சொல்வேன். குன்மா மாநிலத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர். ஊர் நடுவிலேயே யுபதாகே என்ற ஊற்று ஆவி பறக்கக் கொப்பளிக்கிறது. அந்த நீர் மரத் தொட்டிகள் வழியே ஓடி ஆறுகிறது. இதன் அமிலத்தன்மை கடுமையானது, பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். இந்த நீர் கலந்த ஆற்றில் மீன் வாழ முடியாமல் போனதால், அதைச் சமன்படுத்த 1964 முதல் சுண்ணாம்பு கலக்கிறார்கள். வெள்ளிக் கொலுசு, மோதிரத்தை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், கறுத்துவிடும். கண்ணிலும் படக்கூடாது. கொதிநீரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் வீரியம் போய்விடும் என்று, நீளமான பலகைகளால் பாட்டுப் பாடிக்கொண்டே கிளறி ஆற்றுவார்கள். யுமோமி என்ற இந்த வழக்கத்தை இன்றும் நிகழ்ச்சியாக நடத்துகிறார்கள், கட்டாயம் பாருங்கள். ஊரில் இலவசப் பொதுக்குளியல் அறைகளும் உண்டு. ஒரே குறை பயணம்: ஊருக்கு ரயில் கிடையாது, நாகனோஹரா-குசாட்சுகுச்சி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

நம்மவர்கள் தயங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. பொதுக்குளியலில் ஆடை கூடாது. ஆண், பெண் பெரும்பாலும் தனித்தனி. அது ஒத்துவராது என்றால் குடும்பத்துக்குத் தனிக்குளியல் தரும் விடுதியாகப் பார்த்து எடுங்கள். ஹகோனேயில் அப்படிப்பட்ட விடுதிகள் நிறைய, ஆனால் விலை அதிகம்.

பெப்புவில் இதற்கு இன்னொரு வழி இருக்கிறது: மணல் குளியல். யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி அங்கி அணிந்தபடியே படுத்தால், ஊற்றின் சூடேறிய மணலை மேலே அள்ளி மூடுவார்கள். 1879-இல் தொடங்கிய தகேகவாரா குளியல் இல்லம் இதற்குப் பேர்போனது. நீலமும் சிவப்புமாகக் கொதிக்கும் 'நரக' ஊற்றுகள் பார்க்க மட்டும்தான், இறங்க முடியாது. பெப்புவின் கன்னாவா பகுதியில் ஊற்றின் ஆவியிலேயே காய்கறி, கிழங்கை நாமே வேகவைத்துச் சாப்பிடலாம். சைவக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பெப்பு இருப்பது கியூஷு தீவில். ஃபுகுவோகா பக்கம் போகிறீர்கள் என்றால் அங்குள்ள ஹகாட்டா நிலையத்தில் ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். டோக்கியோவோடு திரும்புகிறவர்கள் இதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம், குசாட்சுவே போதும்.