மானிட்டர் மாறியதும் ஏறிய ஸ்கோர்: அடாப்டிவ் சிங்கோடு நான்கு ஆண்டுகள்

தண்டையார்பேட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடியறையில் என் கம்ப்யூட்டர் இருக்கிறது. பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், இரவில் கேம் என்று நான்கு ஆண்டுகளாக ஒரே என்விடியா கிராபிக்ஸ் கார்டுதான் உழைக்கிறது. மானிட்டர் மட்டும் இடையில் ஒருமுறை மாறியது. முதல் இரண்டரை ஆண்டுகள் 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 முறை திரையைப் புதுப்பிப்பது), பிறகு 165 ஹெர்ட்ஸ். இரண்டிலும் அடாப்டிவ் சிங்க் உண்டு, அதாவது கார்டின் வேகத்துக்கேற்ப மானிட்டர் தன் புதுப்பிப்பை மாற்றிக்கொள்ளும் வசதி.

கார்டைப் பழையதாகத்தான் வாங்கினேன். வாங்கிய வாரமே, கார்டின் வேகத்தை அளக்கும் 3டி மார்க் மென்பொருளில் ஃபயர் ஸ்ட்ரைக் சோதனையை ஓட்டிப் பார்த்தேன். அந்த மாடலுக்கு கிராபிக்ஸ் ஸ்கோர் 22 ஆயிரத்தை ஒட்டி வரவேண்டும். எனக்கோ 17 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஏமாந்துவிட்டோம் என்ற ஆத்திரத்தில் கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு விற்றவரிடமே போய்ச் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்கு ஒன்றும் பேசாமல் தம்முடைய கம்ப்யூட்டரில் செருகி அதே சோதனையை ஓட்டினார். 22 ஆயிரத்துச் சொச்சம் வந்தது.

வீடு திரும்பி முடிவுப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஃபயர் ஸ்ட்ரைக்கில் இரண்டு கிராபிக்ஸ் சோதனைகள் உண்டு. இரண்டாவது சற்றுக் கனமானது. விற்றவரிடம் நொடிக்கு முதலாவது 104, இரண்டாவது 90 ஃப்ரேம் (கார்டு வரையும் ஒவ்வொரு படம்) என்று வந்தவை, என்னிடம் 74.8, 72.3 என்று ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. சுமை வேறாக இருந்தும் எண்கள் ஒட்டி நின்றால், கார்டு திணறவில்லை, யாரோ மூடி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். மூடி போட்டவன் நானேதான்.

அடாப்டிவ் சிங்க் கார்டை மெதுவாக்குவதில்லை. கார்டு ஒரு ஃப்ரேமை வரைந்து முடிக்கும்வரை மானிட்டர் காத்திருந்து, வந்தவுடன் காட்டுகிறது, அவ்வளவுதான். என் பழைய மானிட்டரில் இந்தக் காத்திருப்பு 48 முதல் 75 ஹெர்ட்ஸ் வரைதான் நடக்கும். 75ஐத் தாண்டினால் என்ன செய்வது என்பதை, மானிட்டரின் வேகத்தை மீறாமல் கார்டை நிறுத்திவைக்கும் வி-சிங்க் என்ற அமைப்பு தீர்மானிக்கிறது. படம் குறுக்கே கிழிந்தாற்போல் தெரியாமல் இருக்கட்டுமென்று ஜி-சிங்கை (அடாப்டிவ் சிங்கை இயக்கும் என்விடியா அமைப்பு) இயக்கிய கையோடு கார்டின் டிரைவர் மென்பொருளில் வி-சிங்கையும் இயக்கியிருந்தேன். ஆகவே நொடிக்கு 75க்கு மேல் வரைய கார்டுக்கு அனுமதியே இல்லாமல் போயிற்று. வி-சிங்கை மட்டும் அணைத்ததும் 22 ஆயிரம் திரும்பியது. அதன் பிறகு அடாப்டிவ் சிங்கை இயக்கியும் அணைத்தும் பலமுறை ஓட்டினேன். ஒரே அமைப்பில் அடுத்தடுத்து ஓட்டும்போது வரும் ஏற்ற இறக்கத்தைவிட அந்த வேறுபாடு குறைவாகவே இருந்தது. 3டி மார்க்கிலேயே இன்னும் கனமான டைம் ஸ்பை சோதனையில் என் கார்டு 50, 55 ஃப்ரேமைத் தாண்டாது என்பதால், வி-சிங்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்கோர் அசையவில்லை.

மானிட்டரை மாற்றிய அன்று எதையும் தொடாமல், வி-சிங்க் இயங்கும் நிலையிலேயே ஃபயர் ஸ்ட்ரைக்கை ஓட்டினேன். மூடி 165க்கு உயர்ந்துவிட்டதால் முழு ஸ்கோரும் வந்தது. பக்கத்தில் இருந்த தம்பி, "மானிட்டர் மாத்துனா கார்டு ஸ்பீடாவுமாண்ணே?" என்று கேட்டான்.

கேம்களோடு வரும் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையில் சராசரி இன்னும் எளிதாக ஏமாற்றும். பாதி நேரம் 200 ஃப்ரேமும் பாதி நேரம் 100 ஃப்ரேமும் ஓடும் காட்சிக்குச் சராசரி 150. 165இல் மூடி விழுந்தால் அது 132.5 ஆகிவிடும், ஆனால் நமக்குக் கவலை தரவேண்டிய அந்த 100 அப்படியேதான் இருக்கிறது. தாமதத்தைக் குறைக்கும் என்விடியா வசதியான ரிஃப்ளெக்ஸையும் சேர்த்து இயக்கினால் மூடி 158ஐ ஒட்டி இறங்கும். இதனால் நான் சராசரியை விட்டுவிட்டு, ஒரு சதவீதத் தாழ்நிலையையும் (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) ஃப்ரேம் நேர வரைபடத்தையும் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

ஸ்கோரில் தெரியாத வேறுபாடு ஒன்று உண்டு. ஃப்ரேம் 40க்கு விழும்போது, ஒவ்வொரு ஃப்ரேமையும் இருமுறை காட்டி மானிட்டரை 80 ஹெர்ட்ஸில் ஓட்டுவது நல்ல ஏற்பாடு. அதற்கு மானிட்டரின் மேல் எல்லை அதன் கீழ் எல்லையைப் போல் இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். 48க்கு 75 போதாது, 165 தாராளம். கனமான கேமில் பழைய மானிட்டர் 48க்குக் கீழே போனதும் தடுக்கித் தடுக்கி ஓடியது. புதியதில் அதே 40 வழுக்கிக்கொண்டு போகிறது. பெஞ்ச்மார்க் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் தருகிறது.

கேபிளையும் சொல்லியாக வேண்டும். அடாப்டிவ் சிங்க் 2014இல் டிஸ்ப்ளே போர்ட் என்ற மானிட்டர் இணைப்பின் 1.2ஏ பதிப்பு வழியாக வந்தது. இத்தகைய மானிட்டர்களை என்விடியா ஏற்றுக்கொண்டது 2019 ஜனவரியில். பழைய மானிட்டரை எச்டிஎம்ஐயில் செருகியிருந்த முதல் சில நாட்கள் ஜி-சிங்க் அமைப்பே கண்ணில் படவில்லை. ரிச்சி தெருவில் டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வாங்கிவந்த பிறகுதான் வந்தது. கடற்காற்றில் அதன் முனை களிம்பு பிடித்து, ஒருமுறை திரை விட்டுவிட்டு அணைந்ததும் உண்டு, துடைத்ததும் சரியாயிற்று.

எங்கள் பக்கத்தில் ஸ்கோரைக் குலைக்கும் பெரிய எதிரி கத்திரி வெயில். மதியம் கூரை கொதிக்கும்போது கார்டு சூடேறித் தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறது; அடாப்டிவ் சிங்கை இயக்கி அணைப்பதில் வரும் வேறுபாட்டைவிட இது பெரிது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய சோதனைகளை ஜி-சிங்க், வி-சிங்க் இரண்டையும் அணைத்து, விடியற்காலையில் கூரை சுடுவதற்குள் ஓட்டிவிடுகிறேன். முடிந்ததும் இரண்டையும் மறுபடி இயக்கிவிடுகிறேன்.