தவணையா, அடைவா, சீட்டா, சேர்த்து வாங்குவதா?

கலியாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போகிறவர்களுக்கு முதலில் வரும் கேள்வி இது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா எல்லாவற்றையும் தவணையில் எடுப்பதா, நகையை அடைவு வைப்பதா, சீட்டுப் போடுவதா, காசு சேர்த்து ஒவ்வொன்றாய் வாங்குவதா? நானும் அவரும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகை வீடு எடுத்தபோது கடைசி வழியில்தான் போனோம். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

தவணையின் வசதி எல்லோருக்கும் தெரியும். விலை கூட என்பதும் தெரியும். எவ்வளவு கூட என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. 120,000 ரூபாய்ப் பொருளுக்கு 20 வீத வட்டி சேர்த்து 144,000 ஆக்கி, 12 மாதத்துக்கு மாதம் 12,000 கட்டச் சொன்னால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் மாதாமாதம் கடன் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ முழுத் தொகைக்கும் போட்டது. குறையும் மிச்சத்துக்கு வைத்துக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு 35 வீதமளவில் வந்து நிற்கும். கடையில் கைக்காசு விலையையும் கட்டி முடிக்கும் மொத்தத்தையும் அருகருகே எழுதி வாங்குங்கள். கிரெடிட் கார்டில் வரும் வட்டியில்லாத் தவணை, கைக்காசு விலையும் அதேயென்றால் நல்லதாக இருக்கலாம். எங்களிடம் கார்ட் இல்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

வட்டியை விட நான் பெரிதாகப் பார்ப்பது, காசு தட்டுப்படும் மாதத்தில் என்ன நடக்கும் என்பதை. சம்பளம் பிந்தலாம், வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போகலாம், ஆவணியில் உறவுக்குள் நாலு கலியாணம் ஒன்றாய் வரலாம். தவணை அதற்கெல்லாம் பொறுக்காது. பிந்தினால் தண்டப்பணம், பிறகு வீட்டுக்கு ஆள் வரும். வெளிநாட்டில் அண்ணா இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று தவணை போடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவருக்கும் அங்கே வாடகை இருக்கிறது, வேலை குறையும் மாதம் இருக்கிறது. அவருடைய காசை நம்பி இங்கே கையெழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சீட்டிலும் இதே சிக்கல்தான். எடுக்குமட்டும் இனிமையாக இருக்கும், எடுத்த பிறகு ஒரு மாதம் தவறினால் அடுத்தவரின் காசு நிற்கும், முகம் முறியும். வேலையிடத்தில் நான் போட்டது சிறிய குலுக்கல் சீட்டு, பிரச்சினையில்லாமல் முடிந்தது. கழிவு கூறி, அதாவது ஏலம்போல் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து எடுக்கும் பெரிய சீட்டில் எனக்குப் பழக்கமில்லை.

அடைவைப் பற்றி எங்கள் வீடுகளில் குறைவாகத்தான் பேசுவார்கள். ஆனால் தட்டுப்பாடான மாதத்துக்கு அது தவணையை விட நல்லது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாம், காசு வந்த அன்றே மீட்கலாம். என் தயக்கம் வேறு. ஆஸ்பத்திரிச் செலவு திடீரென்று வந்தால் புதுக் குடும்பத்துக்குக் கைகொடுப்பது அந்த நகைதான். அதை ஒரு சோபாவுக்காக வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டால் அந்த இரவு எங்கே போவது?

சேர்த்து வாங்கும்போது தட்டுப்பட்ட மாதத்தில் ஒன்றும் நடக்காது. அந்த மாதம் கணக்கில் போடமாட்டோம், அவ்வளவுதான். இரண்டு பேர் பேரிலும் வங்கியில் தனிக் கணக்குத் திறந்து, சம்பளம் வந்த அன்றே அதில் போட்டுவிடுகிறோம். அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும் வைப்புக்கு ஒருவருக்கு 1,100,000 ரூபாய் வரை காப்புறுதி உண்டு. கூட வட்டி தருகிறோம் என்று வருகிறவர்களிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். காத்திருந்த காலத்தில் மீன் அன்றன்றைக்குச் சந்தையில் வாங்கினோம், தண்ணீர் மண்பானையில் இருந்தது. மாமி பெரிய இரட்டைக் கதவு பிரிட்ஜைத்தான் சொன்னார். இருந்து பார்த்ததில் இரண்டு பேருக்குச் சிறியதே போதும் என்று தெரிந்தது. அதுவே வந்ததும் கரண்ட் பில் 60 அலகைத் தாண்டிவிட்டது. தாண்டினால் அலகுக்கான விலையே மாறும். பெரியதை எடுத்திருந்தால் மாதாமாதம் இன்னும் கூடக் கட்டியிருப்போம். சோபா பட்டியலிலிருந்தே போய்விட்டது. வருகிறவர்கள் கதிரையிலும் விறாந்தைக் கட்டிலும் இருந்து நன்றாகவே கதைக்கிறார்கள்.

இந்த வழி தோற்கும் இடமும் உண்டு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதற்கு முந்திய ஆண்டு தவணையில் எடுத்தவர்களுக்குப் பொருள் பழைய விலையில் கிடைத்தது, சேர்த்து வைத்தவர்களின் காசு கரைந்தது. அப்படி ஓர் ஆண்டு திரும்பினால் என் கணக்குப் பிழையாகிப்போகும். ஆனால் அதே ஆண்டு பெட்ரோல் வரிசையில் நின்று நாட்கூலியை இழந்தவர்களுக்குத் தவணைத் திகதி தள்ளிப்போகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

இன்சுலின் வைக்க வேண்டும் என்பது போல உடனே பிரிட்ஜ் கட்டாயம் தேவையென்றால் தவணைக்குப் போகாமல் அடைவுக்குப் போங்கள். தாலிக்கொடியைத் தொடாமல், தேவைக்கு அளவான ஒரு காப்பையோ சங்கிலியையோ மட்டும் வையுங்கள். மீட்கும் கடைசித் திகதியை இரண்டு பேரின் போனிலும் போட்டுவையுங்கள்.