ஒரே வகுப்பில் ஒரு தலைமுறைக் கார்கள்: அசெட்டோ கோர்சா காம்பெட்டிட்ஸியோனே விமர்சனம்

கணினிக்கான கார் பந்தய விளையாட்டுகள் பெரும்பாலும் விதவிதமான கார்களைக் குவித்துக் கொடுத்தே வாங்குபவரைக் கவர முயல்கின்றன. இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2019 மே மாதம் முழுமையாக வெளியிட்ட அசெட்டோ கோர்சா காம்பெட்டிட்ஸியோனே அவ்வழியில் செல்லாமல், சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்களுக்கான ஜிடி3 என்ற ஒற்றை வகுப்பைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. ஸ்டெபான் ராட்டெலின் எஸ்ஆர்ஓ அமைப்பு நடத்தும் ஜிடி3 பந்தயத் தொடரின் அதிகாரபூர்வ உரிமத்தோடு வந்ததால், அந்த வகுப்பின் கார்களும் ஓடுதளங்களும் மட்டுமல்லாமல், அவற்றைக் கட்டிவைத்திருக்கும் விதிகளும் இதில் இருக்கின்றன. ஓட்டும் உணர்வைப் பற்றி ஏற்கெனவே பலரும் எழுதிவிட்டதால், அந்த விதிகளை இவ்விளையாட்டு எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதையே இங்கு முக்கியமாகப் பார்க்கிறேன்.

ஜிடி3 ஏன் தேவைப்பட்டது என்பதை விளையாட்டு எங்கும் சொல்வதில்லை. ஆனால் அது தெரியாமல் இதன் அருமை விளங்காது. 1995இல் மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர் பிரான்ஸின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றபோது, அது சாலைக்காக வடிவமைக்கப்பட்ட காரிலிருந்து பிறந்த பந்தயக் காராகவே இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்த வரிசை தலைகீழானது. போர்ஷே 911 ஜிடி1, மெர்சிடிஸ் சிஎல்கே ஜிடிஆர் போன்றவை முதலில் பந்தயத்துக்கென்று உருவாகி, அனுமதி பெறுவதற்காக மட்டுமே சொற்ப எண்ணிக்கையில் சாலைக் கார்களாகவும் செய்யப்பட்டன. சரக்கு வைக்க இடம் வேண்டும் என்ற விதிக்கு, காலியான எரிபொருள் தொட்டியில் பெட்டி வைக்கலாம் என்று டொயோட்டா தன் ஜிடி-ஒன் காருக்காக வாதாடி, அதிகாரிகளை ஒப்புக்கொள்ளவும் வைத்தது! சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 1998 ஜிடி சாம்பியன்ஷிப்பின் 10 சுற்றுகளையும் மெர்சிடிஸ் ஒன்றே வென்றது, போட்டியாளர்கள் விலகினர், இக்கார்கள் ஓடிய ஜிடி1 வகுப்பு அந்த ஆண்டோடு நின்றுபோனது.

2006இல் தொடங்கிய ஜிடி3, இந்தச் செலவுப் போட்டியைத் தடுக்க வேறொரு வழியைப் பிடித்தது. எந்தக் காரை எப்படிக் கட்டவேண்டும் என்று நுணுக்கமாக விதிப்பதைவிட, கட்டிமுடித்த கார்களை எடை, காற்று உள்வாங்கும் அளவு, தரை உயரம் போன்றவற்றால் ஒன்றுக்கொன்று நிகராக்குவது அதன் வழி. பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், சுருக்கமாக பிஓபி, என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாடுதான் இவ்விளையாட்டின் முதுகெலும்பு.

பென்ட்லி கான்டினென்டல் காரைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். சாலையில் 2 டன்னுக்கு மேல் எடையுள்ள சொகுசுக் காரிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோவை இறக்கி, நான்கு சக்கர இயக்கத்தையும் எடுத்துவிட்டுப் பின்சக்கர இயக்கமாக மாற்றியிருக்கிறார்கள். முன்னால் எஞ்சின் கொண்ட அந்த நீண்ட கார், நடுவில் எஞ்சின் கொண்ட லம்போர்கினியோடு ஒரே பந்தயத்தில் சில நொடி இடைவெளியில் முடிக்கிறது. ஆனால் இரண்டும் வேகத்தைத் தேடிக்கொள்ளும் இடங்கள் வேறு. பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழையும்போது பென்ட்லி பொறுமையை எதிர்பார்க்கிறது. லம்போர்கினியோ மூக்கை உடனே திருப்பிவிட்டுப் பின்பகுதியை உங்கள் பொறுப்பில் விடுகிறது. சுற்று நேரம் நிகராக இருந்தாலும் குணம் நிகராகவில்லை என்பதை இவ்வளவு நேர்த்தியாக உணர்த்தும் வேறொரு விளையாட்டை நான் கண்டதில்லை.

உற்பத்திக் காரை அடிப்படையாகக் கொண்ட வகுப்பு என்ற சொல்லுக்கு எவ்வளவு நெகிழ்வு உண்டு என்பதும் இங்கே வெளிப்படுகிறது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடியின் சாலை வடிவத்தில் 4.0 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் இருக்க, அதன் ஜிடி3 வடிவத்தில் முந்தைய எஸ்எல்எஸ் காரின் வழிவந்த, டர்போ இல்லாத 6.2 லிட்டர் வி8 உறுமுகிறது. ஃபெராரி 296இன் சாலைக் கார் மின்மோட்டாரும் இணைந்த கலப்பினம். ஜிடி3 விதிகள் அதற்கு இடமளிக்காததால் பந்தயக் காரில் வி6 எஞ்சின் மட்டுமே. இது ஏமாற்று என்று கோபப்படுபவர்கள் உண்டு. விற்பனைக்கு வரும் பந்தயக் கார் மலிவாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் இருக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு பார்த்தால், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுப்பது), டிராக்‌ஷன் கண்ட்ரோல் (முடுக்கும்போது சக்கரம் வழுக்குவதைத் தடுப்பது) ஆகியவற்றை விளையாட்டு கையாளும் விதம் குறிப்பிடத்தக்கது. இவை தொடக்க நிலை ஆட்டக்காரருக்கான சலுகைகள் அல்ல. உண்மைக் காரிலேயே உள்ளவை. கார் நிறுவனங்களின் சொந்த அணிகளின் களமாக இருந்த ஜிடிஇ என்ற மற்றொரு வகுப்பு ஏபிஎஸ்ஸைத் தடைசெய்திருந்தது. சொந்தப் பணத்தில் ஓட்டும் அமெச்சூர்களையும் மனத்தில் கொண்ட ஜிடி3 அதை அனுமதித்தது. 2023 பருவத்தோடு லெ மானும் இடம்பெறும் நீண்டநேரப் பந்தயத் தொடரான உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஜிடிஇ விடைபெற்று, 2024இல் அதன் இடத்துக்கு ஜிடி3 கார்களே வந்ததைப் பார்த்தால், எந்த அணுகுமுறை நிலைத்தது என்பது தெளிவு.

கூடுதலாக விற்கப்படும் தொகுப்புகளில், ஜிடி3க்கு ஒரு படி கீழான ஜிடி4 வகுப்பின் தொகுப்பு தவறவிடக் கூடாதது. 1.8 லிட்டர் டர்போ எஞ்சின் கொண்ட சிறிய அல்பைன் ஏ110, 6.2 லிட்டர் வி8 கொண்ட கமாரோவிடம் நேர்ச்சாலையில் இழந்ததை வளைவுகளில் மீட்கும் போராட்டம் ஜிடி3இலும் கிடைக்காத சுவை. காற்றழுத்தப் பிடிப்பு குறைவு என்பதால் முன்னால் செல்லும் காரை நெருங்கித் தொடர்வதும் எளிது. 2024 தொடக்கத்தில் வந்த ஜிடி2 தொகுப்பு வேறு ரகம், ஜிடி3ஐவிட ஆற்றல் மிகுதி, வளைவுப் பிடிப்பு குறைவு. பழைய ஜிடி2 தொழில்முறை அணிகளின் வகுப்பு. இந்தப் புதிய ஜிடி2 பெரும்பாலும் வசதி படைத்த அமெச்சூர்களுக்காகப் பிறகு உருவாக்கப்பட்டது. ஆறு கார்களோடு அது சற்று மெலிந்த தொகுப்பாகவே தோன்றுகிறது.

குறைகளும் உண்டு. பிஓபி இங்கே முன்கூட்டியே எழுதப்பட்ட எண்களாக அமைதியாக அமர்ந்திருக்கிறது. உண்மைப் பந்தயத்தில் அணிகள் தங்கள் முழு வேகத்தை மறைத்து ஓட்டிச் சலுகை பெற முயல்வதும், அதைக் கண்டறிய அமைப்பாளர்கள் போராடுவதும்தான் இந்த முறையின் மறுபாதி. அதற்கு விளையாட்டில் இடமே இல்லை. லெ மான் களத்தில் ஜிடி3 கார்களுக்கு வந்த டார்க் சென்சார் அளவீடும் (சக்கரங்களுக்குச் செல்லும் முறுக்குவிசையை அளப்பது) இதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. 1990களின் ஜிடி1 கார் ஒன்றாவது ஒப்பீட்டுக்கு இருந்திருந்தால், விதி மாறியதன் விளைவை ஸ்டீயரிங்கிலேயே உணர்ந்திருக்கலாம்.

எனினும், ஒரே வகுப்பின் வளர்ச்சியைக் காண இதில் வேண்டிய பொருள் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் ஆஸ்டன் மார்ட்டின் வி12 வேன்டேஜில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தைச் சுற்றிவிட்டு, உடனே போர்ஷேயின் 992 தலைமுறை 911 ஜிடி3 ஆர் காருக்கு மாறினால், முந்தையது வலுவான சாலைக் காரைப் பந்தயத்துக்குத் தயாரித்தது போலவும், பிந்தையது வடிவமைப்பு மேசையிலேயே வாடிக்கையாளருக்கான பந்தயக் காராகத் தீர்மானிக்கப்பட்டது போலவும் தெரியும். புதிதாக வாங்குபவர்கள் அடிப்படை விளையாட்டோடு ஜிடி4 தொகுப்பையும், 296உம் 992உம் அடங்கிய 2023 தொகுப்பையும் எடுத்துக்கொள்வது போதுமானது. ஜிடி2 தொகுப்பை விலை குறையும் வரை தள்ளிப்போடலாம்.