மேற்கே எழுப்பிய மலை: 'ஆல்ஃபா சென்டாரி' விளையாட்டு

கோவில்பட்டிப் பக்கத்தில் ஆடி மாதம் என்றால் காற்றுதான். குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அதே காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக எங்கள் ஊருக்கு வரும்போது, ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வரும். கயத்தாற்றில் காற்றாலைகள் சுற்றும். கரிசல் காட்டில் புழுதி பறக்கும். பள்ளியில் புவியியல் நடத்துகிற நான் வருடா வருடம் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, அதன் கிழக்கே 'மழை மறைவுப் பகுதி' என்று எழுதுகிறேன். இந்தப் பாடத்தை எனக்கே நடத்திய ஒரு கணினி விளையாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

'சிட் மெயர்ஸ் ஆல்ஃபா சென்டாரி' 1999 பிப்ரவரியில் வெளிவந்தது. செய்தவர்கள் ஃபிராக்ஸிஸ் நிறுவனத்தார். பெயரில் புகழ்பெற்ற விளையாட்டு வடிவமைப்பாளர் சிட் மெயர் இருந்தாலும் வடிவமைப்பில் பெரும்பங்கு பிரையன் ரெனால்ட்ஸுடையது. 1996-ல் வந்த 'சிவிலைசேஷன் 2' விளையாட்டை வடிவமைத்தவரும் அவரே. அழிந்துகொண்டிருக்கும் பூமியிலிருந்து 'யூனிட்டி' என்ற கப்பல் ஆல்ஃபா சென்டாரி விண்மீனை நோக்கிப் புறப்படுகிறது. போய்ச் சேரும் தறுவாயில் கப்பல் பழுதாகிறது, கப்பல் தலைவர் கொல்லப்படுகிறார், பயணிகள் ஏழு அணிகளாகப் பிரிந்து அங்குள்ள ஒரு கோளில் ஆளுக்கொரு திசையில் இறங்குகிறார்கள். அதில் ஓர் அணியை நாம் நடத்த வேண்டும்.

அவர்களைப் பிரித்தது நாடோ இனமோ அல்ல, கொள்கை. மோர்கனுக்கு வணிகம். ஸகாரோவுக்கு ஆராய்ச்சி. மிரியத்துக்கு இறைநம்பிக்கை. டீர்ட்ரே ஸ்கை என்ற பெண்மணிக்கு அந்தக் கோளின் செடிகொடிகள். இந்தியரான மருத்துவர் பிரவீன் லால் ஐ.நா. சாசனத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் எப்போதும் லால் பக்கம். அணித்தலைவர்கள் கூடும் கோள் பேரவையில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய வாக்குகள் இரட்டிப்பாக எண்ணப்படும் என்பது ஒரு காரணம். உலகம் உடைந்த பிறகும் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் மனிதரை எனக்குப் பிடிக்கிறது என்பது இன்னொரு காரணம்.

ஒவ்வோர் அணியும் முறை வைத்து ஆடும் விளையாட்டு இது; ஒரு சுற்று என்பது ஓர் ஆண்டு. 2101-ல் தொடங்குகிறோம். இந்த விளையாட்டு ஆளை ஏன் எழுந்திருக்க விடுவதில்லை என்று நெடுநாள் யோசித்தேன். இதில் எதுவும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. ஆராய்ச்சி இன்னும் மூன்று சுற்றில் முடியும். அது முடியும்போது கப்பல் கட்ட இரண்டு சுற்று மிச்சம் இருக்கும். கப்பல் கடலில் இறங்கும்போது பேரவையில் வாக்கெடுப்பு வந்து நிற்கும். எழுந்து போவதற்கு இடைவெளியே கிடைக்காது. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் மூன்று மணி. சென்ற டிசம்பரில் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் நான்கு நாட்கள் கட்டுப் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தன. என் வேலையில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சண்டைக்காக வாங்குகிறவர்கள் ஏமாறமாட்டார்கள். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மண். நிலத்தை உயர்த்தலாம், தாழ்த்தலாம். உயரமான இடத்தில் சூரியத் தகடுகள் அதிக ஆற்றல் தரும். அங்கேயும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. மலையின் மேற்குச் சரிவில் மழை, கிழக்கே வறட்சி. வரைபடத்தில் ஒரு கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால் அது மழை நிலமா, ஈர நிலமா, வறண்ட நிலமா என்று திரை சொல்லும்.

ஓர் இரவு ஆற்றல் பற்றாக்குறைக்காக என் எல்லையின் கிழக்கு ஓரத்தில் வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடரை எழுப்பினேன். பல ஆண்டு வேலை, ஏகப்பட்ட செலவு. தகடுகள் வைத்ததும் கருவூலம் நிறையத் தொடங்கியது. அந்த மகிழ்ச்சியில் சுட்டியைத் தொடருக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். டீர்ட்ரேயின் நிலம். என்னோடு உடன்படிக்கை செய்துகொண்டவர். முன்பு ஈரம் என்றிருந்த கட்டம் இப்போது வறட்சி என்றது. அடுத்த கட்டமும் வறட்சி. அதற்கடுத்ததும்.

அம்மா நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். நாற்பது வருடம் கரிசலில் பருத்தியும் உளுந்தும் போட்டவர். "என்னய்யா, இன்னும் படுக்கவில்லையா?" என்று கேட்டபடி பின்னால் வந்து நின்றார். திரையைக் காட்டி விளக்கினேன்: இது என் இடம், இது நான் எழுப்பிய மலை, அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் ஊர்கள். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியானால் அந்தப் பிள்ளையின் வெள்ளாமை என்ன ஆகும்?"

அந்தக் கோளும் சும்மா இருப்பதில்லை. செந்நிறப் பூஞ்சை நிலமெங்கும் படர்ந்திருக்கிறது. அதற்குள்ளிருந்து மனப்புழுக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. அவை மனதைத் தாக்குவதால் பீரங்கி, கவசம் எதுவும் பயன்படாது. நாம் அளவுக்கு மீறித் தோண்டினால் இன்னும் பெருகி வருகின்றன. மீறல் தொடர்ந்தால் கடல் மட்டம் உயரும். கரையோர நகரம் ஒன்று என் கண் முன்னே நீருக்குள் போனது.

குறைகளும் உண்டு. இருநூறு சுற்றுக்குப் பிறகு நிலம் திருத்தும் வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்துவது அலுப்பு. தானாக இயங்க விட்டால் வேண்டாத இடத்தில் போய்க் கொத்தும். கணினி நடத்தும் எதிரிகளுக்குக் கடல் தாண்டிப் படையெடுக்கச் சரிவரத் தெரியாது. திரை எங்கும் பழுப்பும் சிவப்பும். சின்ன எழுத்தைப் படித்துக் கண் வலிக்கும். ஒவ்வொரு கண்டுபிடிப்பின்போதும் தலைவர்கள் பேசும் வாசகங்கள் கடினமான ஆங்கிலத்தில் இருக்கின்றன. அகராதியோடு உட்கார்ந்தாவது அவற்றைக் கேளுங்கள், தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஜிஓஜி என்ற இணைய விற்பனைத் தளத்தில் 'ஏலியன் கிராஸ்ஃபயர்' என்ற கூடுதல் பாகத்தோடு சேர்த்தே விற்கிறார்கள். பழைய மடிக்கணினி போதும். முதல் ஆட்டத்துக்குக் கூடுதல் பாகம் வேண்டாம். மூலத்தின் ஏழு அணிகளோடு தொடங்குங்கள். ஆறு கடின நிலைகளில் இரண்டாவதை எடுங்கள். நான் இப்போது சனிக்கிழமை இரவு மட்டும்தான் திறக்கிறேன்.

அந்தத் தொடரின் நடுப்பகுதியை அடுத்த வாரம் தாழ்த்தத் தொடங்கினேன். எழுப்பியதற்கு ஆன அளவுக்கே பணம் போனது; சூரியத் தகடுகளின் வருமானமும் குறைந்தது. காலையில் காப்பி கொடுக்கும்போது அம்மா, "அங்கே மழை உண்டா?" என்று கேட்டார். இரண்டு கட்டத்துக்கு ஈரம் திரும்பியிருக்கிறது என்றேன்.