‘ஒரிஜினல்’ என்று விற்கப்பட்ட இயர்பட்ஸ்: சுங்கை சிப்புட் மக்கள் கவனத்திற்கு

எல்பில் தோட்டத்தில் நீண்ட காலம் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அம்மாவுக்கு மாலை நேரத் துணை மின்னல் எஃப்.எம். வானொலிதான். பேத்தி எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் வீட்டில் சத்தமாகப் பாட்டுக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே, தீபாவளிக்கு முன் நம் பட்டணத்துக் கடையொன்றில், பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரை பொறித்த இயர்பட்ஸை 189 வெள்ளிக்கு வாங்கினேன். “ஒரிஜினல்தான் அண்ணே, ஒரு வருசம் வாரண்டி” என்றார் விற்பனையாளர். ரசீதில் ‘இயர்போன் 1’ என்று மட்டுமே எழுதியிருந்ததைப் பார்த்தும் நான் எதுவும் கேட்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாம் வாரம், இடக்காதில் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஒருநாள் மாலை அம்மா அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, “தொட்டுப் பாருய்யா, சுடுது” என்றார். உண்மையாகவே சுட்டது. லித்தியம் பேட்டரி உள்ள ஒரு பொருள் காதுக்குள் இருக்கும்போது இப்படிச் சூடேறினால், அதை மறுபடியும் அணியவோ சார்ஜ் செய்யவோ கூடாது.

அன்றிரவு மின்விசிறியின் அருகே அமர்ந்து இரைச்சல் நீக்கும் வசதியைச் சோதித்தேன். அந்த வசதி உண்மையாகவே இருந்தால், வெளியொலியை மைக் உள்வாங்கி, அதற்கு நேரெதிரான ஒலியலையை எழுப்பும். விசிறியின் சீரான ரீங்காரம் சட்டென்று தணியும். இதிலோ வசதி இயங்குவதாக ஒரு குரல் அறிவித்ததே தவிர, ரீங்காரம் இம்மியும் குறையவில்லை. பெட்டியிலிருந்த வரிசை எண்ணை அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் சொன்னபோது, அது கறுப்பு நிறச் சாதனத்துக்குரிய எண் என்றார்கள். என் கையில் இருந்ததோ வெள்ளை. அசல் எண்ணைப் போலிகளில் அச்சிடுவது வழக்கம் என்பதால், எண் சரியாக இருப்பது மட்டுமே சான்றாகிவிடாது.

கடைக்குத் திரும்பிச் சென்றபோது, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்பைக் காட்டினார்கள். இதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உறுதியை எந்தக் கடையின் அறிவிப்பும் பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பதிவு செய்யலாம்.

வாங்கும்போதே நிறுவனத்தின் பெயர், மாடல், வரிசை எண், உத்தரவாதக் காலம் ஆகிய அனைத்தையும் ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். புளூடூத் சாதனங்களுக்குரிய எம்.சி.எம்.சி. (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரை, பெட்டியிலோ சாதனத்திலோ இருக்கிறதா என்றும் பாருங்கள். என் பெட்டியில் அது இல்லாததை நான் பிறகுதான் கவனித்தேன். முதியவர்களுக்கு வாங்குவதென்றால், தொட்டு இயக்கும் இயர்பட்ஸைவிட, அழுத்தும் பொத்தான்கள் உள்ள, காதை மூடும் ஹெட்போனே வசதியானது என்பது என் கருத்து. அம்மாவுக்கு இப்போது அதைத்தான் வாங்கித் தந்திருக்கிறேன், முழு விவரம் எழுதிய ரசீதோடு.

என் கோரிக்கையைச் சென்ற வாரம் பதிவு செய்துவிட்டேன். விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன். அதே கடையில் இதேபோல் ஏமாந்தவர்கள் பெட்டியையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.