கட் ஆகிக்கொண்டே இருந்த வயர்லெஸ் மவுஸ்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான், "நீ வச்சிருக்கியே அதே மவுஸ், இப்ப விலை குறைஞ்சிருக்குடா, வாங்கட்டுமா?" ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது, ஆனால் சொல்ல முடியவில்லை. மூன்று வருடத்தில் இந்த மவுஸோடு பட்டதை முழுசாகச் சொல்லாமல் வெறும் ஆமாம், இல்லை என்று பதில் கொடுத்தால் அது அவனுக்குச் செய்யும் துரோகம் என்று பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. இதில் என்னென்ன வசதி என்பது பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது, அதற்குள் போகவில்லை. யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவரிலும் ஓடும், ப்ளூடூத்திலும் ஓடும், ஒரே ஒரு ஏஏ பேட்டரி, அவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. கைக்கு அவ்வளவு இதமாக உட்கார்ந்த மவுஸ் இதற்கு முன்னால் எனக்கு வாய்த்ததில்லை. நாள் முழுக்க வேலை பார்த்தாலும் மணிக்கட்டு வலிக்காது. ஸ்க்ரோல் சக்கரம் இன்றைக்கும் வாங்கிய நாள் போலவே சுழல்கிறது. பட்டன்கள் ஒரு கிளிக்கை இரண்டாக எண்ணும் வியாதி பல மவுஸ்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் வரும், இதற்கு இன்றுவரை வரவில்லை.

இரண்டாம் வருடத்தில் ஆரம்பித்தது. கர்சர் நகர்ந்துகொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும், இரண்டு நொடி கழித்து எங்கேயோ தாவி நிற்கும். சில சமயம் அசையவே அசையாது, நாலு தடவை கிளிக் செய்தால்தான் உயிர் வரும். ஒரு படத்தில் நுணுக்கமாகக் கோடு இழுத்துக்கொண்டிருக்கும்போது இப்படி நடந்தால் அந்தக் கோடு போனது போனதுதான். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று இருந்தது போகப்போக மணிக்கு நாலைந்து தடவை ஆனது.

எல்லோரையும் போல நானும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, சரி, முடிந்தது என்று நினைத்தேன், மூன்றாம் நாள் பழையபடி. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டதற்கு டிரைவரை, அதாவது மவுஸைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளை, நீக்கிவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள். செய்தேன். அதற்கும் இரண்டு நாள் பலன், அப்புறம் அதே கதை. பழுது பார்க்கும் இடத்தில் காட்டினால் ரிசீவர் போய்விட்டது, புது மவுஸே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை, ஏனென்றால் ரிசீவர் போகவே இல்லை, இப்போதும் அதே ரிசீவர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பல மாதம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. "டிஸ்கனெக்ட் ஆகிறது" என்று ஒரே பெயரில் நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் மூன்று தனித்தனிக் கோளாறு. ஒன்றைச் சரி செய்தால் மற்ற இரண்டும் மிச்சம் இருக்கும், அதனால்தான் எதைச் செய்தாலும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்து மறுபடி வந்தது. என்ன ஆகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு எப்போது ஆகிறது என்று ஒரு தாளில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் குறித்ததும் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன.

முதல் வகை, கொஞ்ச நேரம் கை வைக்காமல் இருந்துவிட்டுத் திரும்ப மவுஸைத் தொடும்போது வருவது. படிக்கிறேன், ஐந்து பத்து நிமிடம் மவுஸைத் தொடவில்லை, தொட்டால் செத்துக் கிடக்கிறது. சார்ஜர் செருகியிருந்தால் இது குறைவு, லேப்டாப் தன் பேட்டரியில் ஓடும்போது அதிகம். இந்த வித்தியாசம்தான் துப்பு. மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக விண்டோஸ் சும்மா கிடக்கும் யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கிறது, ரிசீவரும் அதோடு தூங்கிவிடுகிறது. டிவைஸ் மேனேஜருக்குப் போய் யூஎஸ்பி ரூட் ஹப் என்று இருப்பதைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு பகுதி வரும். மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற பொருளில் அங்கே ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். ஒன்றுக்கு மேல் ரூட் ஹப் இருந்தால் எல்லாவற்றிலும் எடுங்கள். அதோடு பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதையும் அணைக்க வேண்டும், சார்ஜரில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஒன்று என்று இரண்டு இடம், நான் முதலில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஒரு வாரத்தை வீணாக்கினேன். சில புது லேப்டாப்களில் இந்த அமைப்புகள் மறைந்தே இருக்கும், அப்போது தேடியும் கிடைக்கவில்லை என்று பதற வேண்டாம். என் கணினியில் ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு எடுத்துவிட்ட டிக் தானாகத் திரும்ப வந்திருந்தது, அதனால் அப்டேட் முடிந்ததும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதை இப்போது பழக்கமாக்கிக்கொண்டேன்.

இரண்டாவது வகைதான் என் உயிரை எடுத்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, மவுஸ் நகர்ந்துகொண்டிருக்கும்போதே திக்கித் திக்கி நிற்பது. தாளில் குறித்ததைப் பார்த்தால் இது வந்த நேரம் எல்லாம் நான் வெளி ஹார்டு டிஸ்கில் ஏதாவது காப்பி செய்துகொண்டிருந்த நேரம். யோசித்துப் பார்த்தால் அந்த டிஸ்கை வாங்கியதும் இரண்டாம் வருட ஆரம்பத்தில்தான்! என் லேப்டாப்பில் இடது பக்கம் இரண்டு யூஎஸ்பி போர்ட் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, ஒன்றில் மவுஸ் ரிசீவர், பக்கத்திலேயே ஹார்டு டிஸ்க் கேபிள்.

இதற்குக் காரணம் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அந்த டிஸ்க் யூஎஸ்பி 3.0 வகை, அது நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலை அனுப்பும். அந்த வேகத்தில் ஓடும்போது கேபிளும் அதன் செருகுமுனையும் சுற்றிலும் ரேடியோ இரைச்சலைக் கசியவிடுகின்றன, அந்த இரைச்சல் ஒரே இடத்தில் நிற்காமல் அகலமாகப் பரவும், அதில் ஒரு பகுதி 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. மவுஸும் ரிசீவரும் பேசிக்கொள்வது அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான். மவுஸ் அனுப்பும் சிக்னல் மிக மெல்லியது, ஒரு ஏஏ பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டுமே. ரிசீவரின் காதுக்குப் பக்கத்திலேயே ஒருவன் கத்திக்கொண்டிருந்தால் தூரத்திலிருந்து மெதுவாகப் பேசுவது எப்படிக் கேட்கும்? இன்டெல் நிறுவனம் 2012லேயே இதை அளந்து ஒரு அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது, வயர்லெஸ் மவுஸையும் அதில் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். டிஸ்க் பழுது இல்லை, மவுஸ் பழுது இல்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் பழுது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்ய விட்டுவிட்டு மவுஸை வட்டமாகச் சுழற்றுங்கள், கர்சர் திக்குகிறதா பாருங்கள், டிஸ்கைக் கழற்றிவிட்டு அதையே செய்யுங்கள். எனக்கு வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. ரிசீவரை வலது பக்கப் போர்ட்டுக்கு மாற்றினேன், முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தையும் ஒழிக்க ஒரு சாதாரண யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, ரிசீவரை மவுஸ் பேடுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். அதோடு இந்த வகை முழுசாக நின்றது. எக்ஸ்டென்ஷன் 2.0 ஆகவே இருக்கட்டும், மவுஸுக்கு அதற்கு மேல் வேகம் தேவையே இல்லை. ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் ஹப் அல்லது டாக் வைத்திருப்பவர்களும் இதையே பார்க்க வேண்டும், ஹப்பிலேயே ரிசீவரையும் செருகி டிஸ்கையும் செருகினால் இதே கோளாறுதான். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் ரிசீவரைப் பெட்டியின் பின்பக்கம் செருகியிருந்தால் மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவில் அந்த இரும்புப் பெட்டி முழுசாக நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இடையில் ப்ளூடூத்திலும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தேன். ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அது ஒரே சேனலில் உட்காராமல் தாவிக்கொண்டே இருக்கும், இரைச்சல் உள்ள சேனல்களைத் தவிர்க்கவும் தெரியும். அதைவிட முக்கியம், பல லேப்டாப்களில் அதன் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கிறது, யூஎஸ்பி போர்ட்டிலிருந்து தள்ளி. அதனால் காப்பி ஓடும்போதும் எனக்குத் திக்கவில்லை. ஆனால் தூங்கி எழும்போது இணைய இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளும், அந்தக் காத்திருப்பு எனக்கு ஒத்துவரவில்லை. போர்ட்டே பற்றாத லேப்டாப் என்றால் ப்ளூடூத் நல்ல வழி, தாராளமாகப் போகலாம்.

வைஃபையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் கொடுக்குமானால் லேப்டாப்பை அதற்கு மாற்றிவிடுங்கள். எனக்கு இதனால் பெரிய மாற்றம் தெரியவில்லை, ஆனாலும் 2.4இல் கூட்டம் குறைவது நல்லதுதான்.

மூன்றாவது வகை போன மாதம்தான் தீர்ந்தது. மவுஸைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும்போது மட்டும் கட் ஆகும், கொஞ்சம் அழுத்தி வைத்தால் உறுதியாகக் கட் ஆகும். இது காற்றில் வரும் கோளாறு இல்லை, உள்ளே பேட்டரி ஆடுகிறது. மூடியைத் திறந்து பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்து உட்கார்ந்திருந்தது, எதிர்ப்பக்கத் தகட்டில் மங்கலாக ஒரு படிவு. பேட்டரியை எடுத்துவிட்டு ஸ்பிரிங்கை நகத்தால் மெதுவாகக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டேன், தகட்டைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் நான் மாற்றித் தூக்கிப் போட்ட பேட்டரிகளில் பாதியாவது நல்ல பேட்டரியாகத்தான் இருந்திருக்கும், நினைத்தால் வயிறு எரிகிறது. பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் மட்டும் கையால் தொடாதீர்கள், ஆல்கலைன் பேட்டரியில் இருப்பது காரம், சருமத்தை அரிக்கும்.

பேட்டரி அளவு காட்டுவதையும் நம்ப வேண்டாம். சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கும், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 1.2 வோல்ட் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும். என் மவுஸ் ஆல்கலைனை மனதில் வைத்துத்தான் சதவீதம் சொல்கிறது போலும், ரீசார்ஜ் பேட்டரி போட்டால் முழுசாக இருக்கும்போதே பாதி என்று காட்டும், பிறகு ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் நின்றுவிடும். நான் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, சார்ஜ் செய்த இன்னொரு பேட்டரியை மேஜையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

ஆக, நியாயமாகச் சொன்னால் மூன்றில் இரண்டு இந்த மவுஸின் தப்பே இல்லை. ஒன்று விண்டோஸ், ஒன்று ஹார்டு டிஸ்க் கேபிள். ஸ்பிரிங் தளர்ந்தது மட்டும்தான் இதன் கணக்கு, மூன்று வருடத்துக்கு அதையும் மன்னிக்கலாம். இதெல்லாம் எனக்குப் புரிகிறது.

ஆனால் ஒன்றை மட்டும் மன்னிக்க முடியவில்லை. யூஎஸ்பி 3.0 சாதனத்துக்குப் பக்கத்தில் ரிசீவரைச் செருகாதீர்கள் என்று ஒரே ஒரு வரி, பெட்டியில் வரும் அந்தத் தாளில் போட்டிருந்தால் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். அந்தத் தாளில் இருபது மொழியில் மவுஸை விழுங்கக் கூடாது, தண்ணீரில் போடக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது, இது இல்லை. நான் எழுதிக் கேட்டபோதும் என்னென்ன செருகியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சில மவுஸ்களோடு பெட்டியிலேயே ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிள் வருகிறது, அதைச் செய்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம். தெரிந்தும் சொல்லாமல் விடுவது, வாங்கியவனே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விடுவது, இதுதான் எனக்கு வலிக்கிறது.

அதனால் நண்பனுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவனும் என்னைப் போல நாள் முழுக்க டிஸ்கும் ரிசீவரும் பக்கத்தில் பக்கத்தில் செருகி வேலை பார்க்கிறவன், மேஜையை விட்டு மவுஸை எங்கேயும் எடுத்துப் போவதும் இல்லை, அவனுக்கு வயர் மவுஸே போதும். "அப்போ உன்னோடதைத் தூக்கிப் போடப் போறியா?" என்று கேட்டான். இல்லை, இதை எழுதிக்கொண்டிருப்பதும் இதே மவுஸை வைத்துத்தான், காலையிலிருந்து ஒரு தடவைகூட நிற்கவில்லை, பக்கத்தில் டிஸ்க் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அவனுக்குச் சொன்ன பதிலை மாற்றப் போவதில்லை.