கயத்தாறு பக்கம் கன்னி இன ஆட்டுக்குட்டி வாங்கிய அனுபவம்

ஆடு வாங்கணும் என்றால் நம்ம ஊரில் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம், சனிக்கிழமை எட்டயபுரம் என்று சந்தைக்குத்தான் போவோம். நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கயத்தாறு பக்கம் கரிசல் காட்டில் ஒரு அண்ணாச்சியின் பட்டிக்குப் போய் இரண்டு பெட்டைக்குட்டிகள் எடுத்தேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன், ஆனால் அதுகள் ஈனட்டும் என்று காத்திருந்தேன்.

போனதும் என் கண்ணில் பட்டது கொழுகொழுவென்று இருந்த ஒரு குட்டி, கையில் தூக்கியே விட்டேன். அண்ணாச்சி தடுத்துவிட்டார். "தம்பி, அது ஒத்தைக்குட்டி, தாய்ப்பால் பூராத்தையும் தனியா குடிச்சிருக்கு. இந்தா இது ரெட்டையில ஒண்ணு. பாலைப் பங்கு போட்டும் இந்த அளவு வந்திருக்குல்லா, இதை எடுங்க." கொழுத்ததையே பார்த்துப் பார்த்துத் தாயாடாக வளர்க்க எடுத்தால், நமக்கே தெரியாமல் ஒற்றைக்குட்டி போடும் வம்சத்தைத்தான் பெருக்கிக்கொண்டிருப்போம் என்று அப்போதுதான் புரிந்தது. தீனியால் வந்த எடை குட்டிக்குப் போகாது, பரம்பரையில் இருப்பதுதான் போகும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார், அட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. எந்த ஆடு எத்தனையாவது ஈத்து, ஒற்றையா இரட்டையா, குட்டிக்குப் பால் விட்டதா என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. பால் விடாமல் உதைக்கிற தாய் கறிக்குப் போய்விடும். யாரும் வளர்க்காத காட்டு ஆடாக இருந்தால் அந்தத் தாயின் குட்டி செத்துப்போகும், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டிலும் அந்த குணம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. பரிணாமக் கொள்கை சொன்ன டார்வின் 1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற தன் நூலின் முதல் அத்தியாயத்தை வளர்ப்புப் பிராணிகளிலிருந்தே தொடங்கினார், அதற்காகப் புறாக்களை வளர்த்தும் பார்த்தவர். இந்தப் பட்டியில் ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் ஏன் அங்கிருந்து தொடங்கினார் என்று தெரிந்துவிடும்.

கன்னி ஆட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வெகுதூரம் நடந்து உடைமரத்து நெத்தைத் தின்று பிழைக்கிற உடம்பு, எத்தனையோ பஞ்சங்களில் தாங்காதது செத்து, தாங்கியது பெருகி வந்தது. ஆனால் கறுப்பு முகத்தில் இரண்டு பக்கமும் ஓடும் கோடு, வெள்ளை என்றால் பால்கன்னி, செம்பழுப்பு என்றால் செங்கன்னி, அது மனுஷன் ஆசைப்பட்டுக் காப்பாற்றியது. முன்பு வேறொரு இடத்தில் போயர் கலப்புக் குட்டிகள் வாங்கி, ஐப்பசி மழைச் சகதியில் இரண்டைப் பறிகொடுத்தேன். போயர் தென்னாப்பிரிக்காவில் கறிக்காகவே தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம், எடை நன்றாக வரும், ஆனால் அதற்குத் தகுந்த பராமரிப்பு வேண்டும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த அண்ணாச்சி கிடாவை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார், இல்லாவிட்டால் தகப்பன் கிடா தன் குட்டிக்கே சேர்ந்துவிடும், சவலையாகப் பிறக்கும். எனக்கும் அதையே சொல்லி, தன் கிடாவைத் தர மறுத்து, வேறு ஊரில் எடுக்கச் சொன்னார். விற்கிறவர் இப்படிச் சொல்வது சாதாரணமில்லை.

குறை என்றால், சந்தையைவிடக் குட்டிக்கு 1,000 ரூபாய் கூடுதல், பேரம் கிடையாது. கடைசி இரண்டு கிலோமீட்டர் வண்டிப்பாதைதான்.

என் இரண்டில் ஒன்று தலையீத்திலேயே இரட்டை போட்டது, இன்னொன்று ஒற்றை. கோபமில்லை, இரட்டை போடும் குணம் ஒரே தலைமுறையில் நிலைத்துவிடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சரி, போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு தாய் ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பிவிடும், தாயைப் பார்க்காமல் குட்டி எடுக்க வேண்டாம்.